அரண்மனை இருக்கிறது; பண்டசாலை எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கற்பனையான ஒரு வணிக நகர அரசின் வரலாற்றையும் பண்பாட்டையும் விவரித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் இரண்டு வாரங்களாக வெளிவரும் தொடரை விடாமல் படித்து வருகிறேன். எழுதுபவர் இளைஞர் என்று தெரிகிறது. நடை நன்றாக இருக்கிறது. ஏழு நிலை அரண்மனை, இருபதாயிரம் வீரர் கொண்ட படை, கடற்கன்னியைக் குலதெய்வமாகக் கொண்ட அரச மரபு, அறுவடை விழா, முடிசூட்டு விழா என்று எல்லாம் இருக்கின்றன. ஆனால் வணிக நகரம் என்று பெயர் சூட்டப்பட்ட அந்த ஊரில், இந்த இரண்டு வாரங்களில் ஒருவரும் ஒரு மூட்டையைக்கூட எடை போடவில்லை. வந்திறங்கிய வெளியூர்க்காரர் எங்கே தங்கினார், சரக்கை எங்கே இறக்கினார், கடன் திரும்பாதபோது யாரிடம் முறையிட்டார் என்பதற்கும் விடை இல்லை.

தூத்துக்குடியில், துறைமுகச் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்சி ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் இந்தக் குறை என் கண்ணில் முதலில் பட்டிருக்கலாம். கற்பனை செய்வதற்கு எழுத்தாளருக்கு முழு உரிமை உண்டு. இருந்தாலும், உண்மையில் இருந்த ஒரு வணிக நகர அரசு எப்படி நடந்தது என்பதை அவர் ஒருமுறை பார்த்துவிட்டு எழுதினால் தொடர் செழிக்கும் என்று நினைக்கிறேன். நான் சொல்ல விரும்பும் நகரம், இன்றைய மலேசியாவின் மேற்குக் கரையில் உள்ள மலாக்கா.

1400-ஆம் ஆண்டையொட்டி, சுமத்ராவின் பாலெம்பாங்கிலிருந்து வந்து, இன்றைய சிங்கப்பூரான துமாசிக்கில் சில காலம் இருந்து, அங்கிருந்தும் துரத்தப்பட்ட பரமேசுவரன் என்ற இளவரசன் நிலைநிறுத்திய ஊர் அது. தனக்கு வேண்டிய அரிசியைக்கூட ஜாவா, பர்மாவின் பெகு, சயாம் ஆகிய இடங்களிலிருந்து வரவழைத்துத் தின்ற ஊர். கிராம்பு மலுக்குத் தீவுகளிலும், சாதிக்காய் பண்டாவிலும், சந்தனம் திமோரிலும், கற்பூரம் போர்னியோவிலும், துணி சோழமண்டலக் கரையிலும் குஜராத்திலும், பட்டும் பீங்கானும் சீனத்திலும் கிடைத்தன. பக்கத்திலேயே கிடைத்தது வெள்ளீயம் ஒன்றுதான் என்று சொல்லிவிடலாம். அப்படிப்பட்ட ஓர் ஊர் நூறு ஆண்டுகளுக்குள் கீழைக் கடல்களின் முதன்மைச் சந்தையாகிவிட்டது. காரணங்களில் ஒன்று காற்று. மேற்கேயிருந்து வருபவரைக் கொண்டுவந்து சேர்க்கும் காற்று வேறு, சீனத்திலிருந்து வருபவரைக் கொண்டுவரும் காற்று வேறு. திரும்பிப் போக இருவருமே காற்று மாறும் வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்கு இடமும் காவலும் தந்தது மலாக்கா.

சீனக் கடற்தளபதி ஜெங் ஹேயின் கப்பற்படையோடு சென்ற மா ஹுவான் என்ற சீனர் எழுதிவைத்த குறிப்பில் இந்தக் காத்திருப்பு கண்முன் தெரிகிறது. சீனர்கள் அங்கே நான்கு வாயில்களும் காவற்கோபுரங்களும் கொண்ட மரவேலி அடைப்பொன்றைக் கட்டி, உள்ளே பண்டசாலைகளை அமைத்து, பல நாடுகளுக்குப் பிரிந்து சென்ற கப்பல்கள் எல்லாம் திரும்பி வந்து சேரும் வரை சரக்கைச் சேர்த்துவைத்து, தென்காற்று நிலைத்த பிறகே ஊர் திரும்பினார்கள். ஆற்றின் மேல் மன்னர் கட்டிய மரப்பாலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட கூரை வேய்ந்த கடைகள் இருந்தன என்றும், எல்லாப் பொருளின் வாங்கல் விற்றலும் அந்தப் பாலத்தின் மேலேயே நடந்தது என்றும் அவர் சொல்கிறார். காசுக்குப் பதில் அங்கே வழங்கியது வெள்ளீயக் கட்டிகள். பத்துக் கட்டிகளைப் பிரம்பால் கட்டினால் சிறு கட்டு, நாற்பது சேர்த்தால் பெருங்கட்டு. உங்கள் தொடரில் மக்கள் பொற்காசுகளை வாரி இறைக்கிறார்கள். பிரம்பால் கட்டிய ஈயக் கட்டைத் தோளில் சுமந்துகொண்டு பாலம் ஏறும் ஓர் ஆளைக் காட்டியிருந்தால் அந்த ஊரை நான் உடனே நம்பியிருப்பேன்.

இனி, என் தொழிலுக்கு நெருக்கமான பகுதிக்கு வருகிறேன். 1512 முதல் 1515 வரை மலாக்காவில் இருந்த தோமே பிரேஸ் என்ற போர்ச்சுக்கீசிய மருந்துச் சரக்காளர், 1511-இல் போர்ச்சுக்கீசியரிடம் வீழ்வதற்கு முன் அந்தத் துறைமுகம் இயங்கிய விதத்தை விரிவாக எழுதியிருக்கிறார். அங்கே ஷாபந்தர் எனப்படும் துறைத் தலைவர்கள் நால்வர். குஜராத்தியருக்கு ஒருவர், நம் கரையிலிருந்து சென்ற 'கெலிங்' வணிகருக்கும் வங்காளம், பெகு, சுமத்ராவின் பாசை ஆகிய இடத்தாருக்கும் ஒருவர், ஜாவா, மலுக்கு, பண்டா முதலிய தீவினருக்கு ஒருவர், சீனர், சம்பா நாட்டார், ரியூக்யூ தீவினருக்கு ஒருவர். கப்பல் வந்ததும் அதன் தலைவரை எதிர்கொள்வதும், பெண்டகாரா எனப்படும் முதலமைச்சரிடம் அழைத்துப் போவதும், பண்டசாலை ஒதுக்குவதும், தங்க இடம் பார்ப்பதும், சரக்கைச் சுமக்க யானைக்குச் சொல்லி அனுப்புவதும் அந்தந்த ஷாபந்தரின் பொறுப்பு. முன்பின் தெரியாத ஊரில் கால் வைத்த வணிகனை, அவன் பேச்சும் வழக்கமும் அறிந்த ஒருவர் துறையிலேயே வந்து பார்க்கிறார் என்றால் அவனுக்குப் பாதி அச்சம் அங்கேயே தீர்ந்துவிடும். அந்நகரில் 84 மொழிகள் பேசப்பட்டன என்று பிரேஸ் சொல்வதை அவர் எண்ணித்தான் சொன்னாரோ, மலைப்பில் சொன்னாரோ, நான் அறியேன். ஆனால் அந்த மொழிகளையெல்லாம் நிர்வாகத்துக்குள் கொண்டுவர நாலு ஆள் வைத்த சிக்கனம் என்னை வியக்க வைக்கிறது.

சுங்கமும் அப்படித்தான். மேற்கேயிருந்து வந்த சரக்குக்கு நூற்றுக்கு 6. குடும்பத்தோடு அங்கேயே குடியமர்ந்தவருக்கு 3. கிழக்கேயிருந்து வந்தவர் சுங்கம் கட்ட வேண்டியதில்லை, காணிக்கை மட்டும் தரவேண்டும். அரிசி முதலிய உணவுப் பொருளுக்கும் சுங்கம் இல்லை. சுங்கம் கட்டியபின் நடப்பதுதான் இன்னும் அழகு. பத்து அல்லது இருபது உள்ளூர் வணிகர் ஒன்றாகக் கூடி, சரக்குக்கு உரியவரையும் வைத்துக்கொண்டு, முழுச் சரக்குக்கும் விலை பேசி முடித்து, தங்களுக்குள் பங்குப்படி பிரித்துக்கொள்வார்கள். வந்தவர் தனித்தனியாக அலைந்து விற்று, காற்றைத் தவறவிட வேண்டியதில்லை. வாங்கியவர் தம் வசதிப்படி பிறகு விற்று லாபம் பார்க்கலாம். பலர் கண்ணெதிரே விலை முடிந்ததால், பிறகு ஏமாற்றிவிட்டான் என்ற பேச்சுக்கு இடம் குறைவு.

என் அனுபவத்தில், வரி அதிகம் என்று அழுத வணிகரைவிட, கட்ட வேண்டியது எவ்வளவு என்று கடைசி வரை தெரியாமல் அழுத வணிகரையே நான் மிகுதியாகப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முந்திரிக் கொட்டைச் சரக்கு ஒன்று, சீட்டில் கண்ட எடைக்கும் எடை மேடையில் விழுந்த எடைக்கும் வேறுபாடு வந்ததால் பதினொரு நாள் யார்டில் கிடந்தது. கொட்டை ஈரம் குடிக்கும், உலரும், எடை கூடிக் குறையும் என்பது தொழிலில் உள்ள எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதை எழுத்தில் ஏற்க ஒருவரும் முன்வரவில்லை. சரக்கு தேங்கிக் கிடப்பதற்கான டெமரேஜ் கட்டணம் நாளுக்கு நாள் ஏற, சரக்குக்காரர் என் மேசைக்கு எதிரே இருந்த பெஞ்சிலேயே மதியச் சாப்பாட்டைப் பிரித்து உண்டபடி காத்திருந்தார். அடுத்த ஆண்டு அவர் வேறு துறைமுகத்துக்குப் போய்விட்டார்.

மலாக்காவின் கடற்சட்டத்தைப் பற்றியும் எழுத்தாளர் அறிந்துகொள்ள வேண்டும். சுல்தான் மகமூது ஷா காலத்தில் தொகுக்கப்பட்ட அச்சட்டத்தில், கப்பலில் நகுதா எனப்படும் கப்பல் தலைவனே அரசன். சுக்கான் பிடிப்பவர் பெண்டகாராவுக்குச் சமம். நங்கூரமும் ஆழம் பார்ப்பதும் தம் பொறுப்பில் உள்ளவர் துமெங்குங் என்ற காவல் தலைவருக்குச் சமம். (எங்கள் ஊர்த் தோணிகளில் தலைவனைத் தண்டல் என்போம், கடலில் தண்டல் சொல்லுக்கு மறுசொல் இல்லை.) ஆனால் அந்த அரசனுக்கும் கட்டுப்பாடு உண்டு. புயலில் சரக்கைக் கடலில் எறிய நேர்ந்தால், நகுதா கப்பலில் உள்ளவர்களைக் கூட்டிக் கலந்துபேசி, ஒவ்வொருவரின் சரக்களவுக்கு ஏற்ற விகிதத்தில்தான் எறிய வேண்டும். இன்றும் கப்பல் காப்பீட்டில் ஜெனரல் ஆவரேஜ் என்று நாங்கள் சொல்வதன் அடிப்படையும் நட்டத்தை எல்லாரும் பங்கிட்டுக்கொள்வதுதான். கரை சேர்ந்ததும் முதல் நான்கு நாள் நகுதா விற்கலாம், அடுத்த இரண்டு நாள், கப்பலில் இடம் பிடித்துச் சரக்கோடு வந்த 'கீவி' எனப்படும் வணிகர்கள் விற்கலாம், அதன்பின் மற்றவர்கள். ஒரு நகரின் பண்பாடு என்று நான் இதைத்தான் சொல்வேன். கடற்கன்னி கதை அதற்குப் பிறகு வரட்டும்.

தமிழரின் பங்கையும் எழுத்தாளர் தொட்டிருக்கிறார்; அவருடைய கற்பனை நகரில் 'தென்னாட்டு வணிகர்' சிலர் முத்து விற்றுவிட்டுப் போய்விடுகிறார்கள். மலாக்காவில் நம்மவர் அப்படிப் போய்விடவில்லை. ஆற்றின் வடகரையில் இருந்த உப்பே என்ற குடியிருப்பில் வாழ்ந்தார்கள், தீவுகளுக்குத் தம் கப்பல்களை அனுப்பினார்கள், அரசவைச் சூழ்ச்சிகளிலும் சிக்கினார்கள். செஜாரா மெலாயு என்னும் மலாய் வரலாற்று நூல் சொல்லும் ஒரு நிகழ்ச்சி இதற்குச் சான்று. ராஜா முதலியார் என்ற ஷாபந்தருக்கும் நீனா சூரா தேவானா என்ற வணிகர் தலைவருக்கும் வழக்கு. நீனா சூரா தேவானா, தீர்ப்புத் தமக்குச் சாதகமாக வரும் பொருட்டு, பெண்டகாரா துன் முதாஹிருக்குப் பொன் கொடுக்கிறார். ராஜா முதலியாரிடம் கடன்பட்டிருந்த கித்தூல் என்பவன் இரவோடு இரவாக அவர் வீட்டுக்குப் போய், உம்மைக் கொல்லவே அந்தப் பொன் கைமாறியது என்று சொல்கிறான். அதைக் கேட்ட முதலியார் அவன் கடனை அங்கேயே தள்ளுபடி செய்கிறார். பிறகு அவர் லக்சமணா என்ற கடற்படைத் தலைவருக்குப் பொன் கொடுத்து, பெண்டகாரா அரசைக் கவிழ்க்கப் பார்க்கிறார் என்று சுல்தானின் காதில் போடச் செய்கிறார். 1510-இல் துன் முதாஹிர் கொல்லப்படுகிறார். உண்மை தெரிந்தபின் ராஜா முதலியாருக்கும் கித்தூலுக்கும் அதே கதி.

இந்த துன் முதாஹிரே தந்தை வழியில் இந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் ஒருவரின் பேரர் என்று அதே நூல் சொல்கிறது. வழக்கில் பொன் கைமாறியதும், ஒரு கடன்காரன் சொன்ன பொய் தலைமை அமைச்சரின் தலையை வாங்கியதும், போர்ச்சுக்கீசியத் தளபதி அல்புகெர்க்கின் பீரங்கிகள் வருவதற்கு ஓர் ஆண்டு முன்னதாகவே நடந்துவிட்டன. 1511 ஆகஸ்டில் ஏறத்தாழ 1,200 பேரோடும் 18 கப்பல்களோடும் வந்தவரிடம் நகரம் விழுந்தது. கடும் சண்டை நடந்த இடம், மா ஹுவான் கடைகளைக் கண்ட அதே ஆற்றின் பாலம். போர்ச்சுக்கீசியர் 'நீனா சட்டு' என்று எழுதிவைத்த வணிகர் (நீனா என்பது நம் 'நயினா' தான் என்பது காதுக்கே தெரியும்) முன்பு சிறைப்பட்டிருந்த போர்ச்சுக்கீசியருக்கு உதவியவர். வெற்றிக்குப் பின் அவரையே பெண்டகாராவாக அமர்த்தினார்கள். 1514-இல் அந்தப் பதவியைப் பிடுங்கிச் சுமத்ராவின் கம்பார் அரசருக்குக் கொடுத்தபோது, அவமானம் தாங்காமல் தாமே சிதை ஏறி உயிர்விட்டார். கற்பனையில் எழுதினால் மிகை என்று சொல்வோம்.

போர்ச்சுக்கீசியர் கோட்டை கட்டினார்கள். முஸ்லிம் வணிகர் பலர் ஆச்சே, பாந்தம், ஜொகூர், புரூணை என்று வேறு துறைகளுக்குப் போனார்கள். மலாக்காவைக் கைக்கொண்டவன், ஐரோப்பாவின் நறுமணப் பொருள் வணிகத்தில் கோலோச்சிய வெனிசின் கழுத்தைப் பிடித்தவன் ஆவான் என்ற பொருளில் எழுதிய பிரேஸ், வணிகன் கழுத்தைக் கொடுக்காமல் கப்பலைத் திருப்பிக்கொண்டு போவான் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை போலும். ஆனாலும் எல்லாரும் போய்விடவில்லை. இன்றும் மலாக்காவின் காஜா பெராங் பகுதியில், தமிழ் வணிகரின் வழிவந்த மலாக்காச் செட்டிகள் வாழ்கிறார்கள். வீட்டில் பேசுவது மலாய், பெண்களின் மரபு உடை சரோங்கும் கெபாயாவும், வழிபடுவது மாரியம்மனை. டச்சுக்காரர் காலத்தில், 1781-இல் அவர்கள் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் பூசையில் இருக்கிறது; கம்போங் கிலிங் பள்ளிவாசலும் செங் ஹூன் தெங் என்ற சீனக் கோயிலும் அதே தெருவரிசையில் உள்ளன. மலாய் மொழியில் கப்பலுக்குக் 'காப்பல்', கடைக்குக் 'கெடாய்', முதலீட்டுக்கு 'மொடால்', பெட்டிக்குப் 'பெத்தி'. நம்மவர் அங்கே என்ன வேலை பார்த்தார்கள் என்பதற்கு இந்த நாலு சொல்லே போதும்.

கடைசியாக, தொடருடன் வெளியான வரைபடத்தைப் பற்றி ஒன்று. நகரத்தின் துறைமுகம் தீவின் முனையில், பருவக்காற்றுக்கு நேர் எதிரே வரையப்பட்டிருக்கிறது. ஒரு பக்கத்தில் சுமத்ராவும் மறுபக்கத்தில் தீபகற்பமும் காற்றை மறைத்து நின்றதால்தான் மலாக்காவில் கப்பல்கள் இரண்டு பருவத்திலும் நிற்க முடிந்தது. ஓவியர் துறைமுகத்தைக் காற்றை மறைக்கும் ஒரு மலைக்குப் பின்புறம், ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு நகர்த்தி வரைந்தால் நல்லது. பாலத்துக்கும் அங்கே இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தூத்துக்குடி.