உரிமையாளரைக் கடைசிப் பக்கத்தில் தேடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலூர் நாளிதழ்களைப் பற்றித் தங்கள் இணைப்பிதழில் வந்த கட்டுரையில், பத்திரிகை தொடங்கிய ஆண்டும் உள்ளூர்ப் பதிப்பு தொடங்கிய ஆண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. தினத்தந்தி 1942இல் மதுரையிலும், தினமலர் 1951இல் திருவனந்தபுரத்திலும் தொடங்கியவை. வேலூர்ப் பதிப்புகள் பின்னால் வந்தவை. முகப்பிலுள்ள 'மலர்' எண்ணை, அதாவது இது எத்தனையாவது ஆண்டு என்ற கணக்கை, இதழின் ஆண்டிலிருந்து கழித்துத் தொடக்க ஆண்டு சொன்னால் இந்தத் தவறுதான் நேரும். அந்த எண் தாய்ப் பத்திரிகையிலிருந்து ஓடுகிறதா, உள்ளூர்ப் பதிப்பிலிருந்தா என்று முதலில் பார்க்க வேண்டும். பத்திரிகையின் அரசுப் பதிவு எண்ணின் நடுவில் வரும் ஆண்டும் பதிவான ஆண்டுதான், பிறந்த ஆண்டு அல்ல.

உரிமையாளர் விஷயம் இன்னும் சிக்கல். கடைசிப் பக்க அடியில் பொடி எழுத்தில் 'இன்னாருக்காக, இன்னாரால், இன்ன அச்சகத்தில் அச்சிட்டு வெளியிடப்பட்டது' என்றிருக்கும். அந்த 'க்காக'வில்தான் சங்கதி. அதற்கு முன்னால் வருபவரே உரிமையாளர். 'ஆல்' போட்டு வருபவர் பல சமயம் சம்பளத்துக்கு இருக்கும் மேலாளர். அச்சகம் கூலிக்கு அடித்துக் கொடுத்ததாகவும் இருக்கலாம். கட்டுரையாளர் வெளியிடுபவரையே முதலாளி என்று எழுதியிருக்கிறார்.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் பழைய மார்ச் மாத இதழ்களைப் புரட்ட வேண்டும். 1956ஆம் ஆண்டு விதிகளின்படி, பிப்ரவரி முடிந்தபின் வரும் முதல் இதழில் உரிமை விவரம் சொல்லும் நான்காம் படிவம் அச்சாக வேண்டியிருந்தது. டெண்டர் விளம்பரம் என்று நினைத்துப் பலர் தாண்டிப் போவது இதைத்தான். அதில் ஆறாவது இனத்தில் உரிமையாளர்களும், மூலதனத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கும் பங்குதாரர்களும் முகவரியோடு இருப்பார்கள். அங்கே வெறும் கம்பெனிப் பெயர் மட்டும் இருந்தால், அந்தக் கம்பெனியின் பங்குதாரர் பட்டியலைக் கம்பெனிப் பதிவாளரிடம் கட்டணம் கட்டித்தான் பார்க்க வேண்டும்.

நூலகக் கோப்புகளில் ஒரு தொல்லை உண்டு. பைண்டிங் செய்பவர் ஓரம் வெட்டும்போது கடைசிப் பக்கத்தின் அடிவரியும் போய்விடும். அந்த வரி தினமும் வருவதால் அடுத்த நாள் இதழில் கிடைக்கலாம். நான்காம் படிவம் வருடத்துக்கு ஒரே தடவை. தவறினால் முன்பின் ஆண்டுகளின் மார்ச்சைப் பார்ப்பதே வழி. இரண்டிலும் பெயர் வேறாக இருந்தால், இடையில் கை மாறியிருக்கிறது. முகப்பை வைத்து இது தெரியாது: கே.பி.கந்தசாமி 1977இல் தொடங்கிய தினகரன் 2005இல் சன் குழுமத்துக்குப் போனபோதும் பெயர் அதேதான்.

இன்னும் பழைய பத்திரிகை என்றால் ஊரும் மாறும். 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகும் வரை வேலூர் அடங்கிய வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகர் அதுதான். பத்திரிகை நடத்துபவர்கள் அக்காலத்தில் அரசிடம் கொடுத்த உறுதிமொழிப் பத்திரங்களுக்கு வேலூர்க் கலெக்டர் அலுவலகத்தை மட்டும் நம்பினால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். 2024 மார்ச் 1 முதல் புதிய பத்திரிகைப் பதிவுச் சட்டப்படி எல்லாம் இணையவழி; மாவட்ட மாஜிஸ்திரேட் முன் உறுதிமொழி கொடுக்கும் வழக்கமே போய்விட்டது.

திருத்தம் வெளியிடும்போது, எந்த ஆண்டு மார்ச் இதழைப் பார்த்து எழுதினீர்கள் என்பதையும் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்.

- ஒரு வாசகர், காட்பாடி