மருந்தின் விலையைத் தீர்மானிக்கும் வரைவு யாருக்கு இரகசியம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தடையற்ற வர்த்தக ஒப்பந்தங்களைப் பற்றி நம் இதழ்களில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் எந்தப் பொருளுக்கு எவ்வளவு சுங்கவரி குறைகிறது, திருப்பூர் பின்னலாடைக்கும் ஆம்பூர்த் தோல் பொருள்களுக்கும் அதனால் என்ன ஆதாயம் என்ற கணக்கோடு முடிந்துவிடுகின்றன. அந்த ஆதாயத்தை நான் மறுக்கவில்லை. அதை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். ஆனால் அதே ஒப்பந்தங்களில் காப்புரிமை முதலியவற்றைப் பற்றி, அறிவுசார் சொத்துரிமை என்ற தலைப்பில் ஓர் அத்தியாயமும் இருக்கிறது. கையெழுத்தாகும் நாள்வரை அது நம் கண்ணில் காட்டப்படுவதே இல்லை. அரசு மருத்துவமனை மருந்தகத்தில் பல ஆண்டுகள் மருந்தாளுநராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். அந்த அத்தியாயத்தின் ஒரு வரி மருந்துக் கவுன்ட்டரில் என்ன செய்யும் என்பதை அறிந்தவன் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2004க்கு முன்பு எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்கள் வெளியே எழுதிக் கொடுத்த சீட்டைக் கொண்டுவந்து, இந்த மாத்திரை இங்கே கிடைக்குமா என்று பக்கத்தில் நிற்பவர் காதில் விழாத குரலில் கேட்பார்கள். இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் தேதி அரசு இத்தொற்றைக் கட்டுப்படுத்தும் கூட்டுமருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கியது. நாட்டில் முதலில் தொடங்கப்பட்ட மையங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. பின்னர் எங்கள் மருந்தகத்துக்கும் அந்த வெள்ளைப் புட்டிகள் வந்தபோது, வாங்கியவர்கள் முதலில் செய்த காரியம் மேலே ஒட்டியிருந்த சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்ததுதான். பேருந்தில் மாத்திரை குலுங்கும் சத்தம் கேட்கக் கூடாதென்று கைக்குட்டையில் சுற்றிப் பைக்கு அடியில் வைத்துக்கொள்வார்கள். ஆயினும் அடுத்த மாதம் வந்தார்கள். அதற்கடுத்த மாதமும் வந்தார்கள். எடை கூடியது. வேலைக்குப் போனார்கள்.

அந்தப் புட்டி இலவசமாக வந்ததற்கு அரசின் மனம் மட்டும் காரணமன்று. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்து தயாரிக்கும் முறைக்கு மட்டுமே காப்புரிமை தந்தது, மருந்துக்குத் தரவில்லை. வேறு முறையில் அதே மருந்தைப் பிற நிறுவனங்களும் தயாரிக்கலாம். அதனால்தான், செல்வ நாடுகளில் ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விலைபோன கூட்டுமருந்தை 350 டாலருக்குத் தருவதாக 2001இல் நம் நாட்டின் சிப்லா நிறுவனத்தால் அறிவிக்க முடிந்தது. உலக வர்த்தக அமைப்பின் விதிகளுக்காக 2005இல் சட்டத்தைத் திருத்தியபோதும், பழைய மருந்தைச் சிறிது மாற்றிப் புதிய காப்புரிமை பெறுவதைத் தடுக்கும் 3(டி) பிரிவையும், காப்புரிமை வழங்கப்படும் முன்பே எவரும் ஆட்சேபம் தெரிவிக்கும் உரிமையையும் நாடாளுமன்றம் காத்தது. இவை வெறும் ஏட்டளவில் நிற்கவில்லை. இரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மருந்துக்குச் சுவிஸ் நிறுவனமான நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் மறுத்தது. அங்கே ஆட்சேபம் தெரிவித்தவர்களில் புற்றுநோயாளிகளின் நல அமைப்பும் ஒன்று. 3(டி) செல்லாது என்ற வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. காப்புரிமை கிடையாது என்பதை 2013 ஏப்ரல் முதல் தேதி உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மாதம் சுமார் 1,20,000 ரூபாய்க்கு விற்ற மருந்து, நம் நிறுவனங்களிடம் பத்தாயிரத்துக்குள் கிடைத்த காலம் அது.

நீதிமன்றத்தில் கிடைக்காததை ஒப்பந்த மேசையில் கேட்பதுதான் இன்றைய ஆபத்து. ஐரோப்பிய ஒன்றியத்துடன் 2007இல் தொடங்கிய பேச்சில் 'தரவுத் தனியுரிமை' என்ற கோரிக்கை வைக்கப்பட்டது. முதலில் வந்த நிறுவனம் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் கொடுத்த மருத்துவப் பரிசோதனை முடிவுகளை ஆதாரமாகக் கொண்டு, அதே மருந்தைப் பிற நிறுவனங்கள் தயாரிக்கும் ஜெனரிக் வடிவத்துக்குக் குறிப்பிட்ட ஆண்டுகள் வரை அனுமதி தரக்கூடாது என்பதே அதன் பொருள். காப்புரிமை இல்லாத மருந்துக்கும் இது பூட்டுப் போட்டுவிடும். காப்புரிமை பெற்றவரின் இசைவு இல்லாமலே பிறர் மருந்தைத் தயாரிக்க அரசு தரும் 'கட்டாய உரிமம்' வழங்கினாலும் பயனில்லாமல் போகும். 2012 மார்ச்சில் சோராபெனிப் என்ற புற்றுநோய் மருந்துக்குக் கட்டாய உரிமம் வழங்கப்பட்டு, மாதச் செலவு 2,80,000 ரூபாயிலிருந்து ஒன்பதாயிரத்துக்குக் கீழே இறங்கியதை மறக்க இயலாது. தரவுத் தனியுரிமை அன்று நடைமுறையில் இருந்திருந்தால், உரிமம் கையில் இருந்தும் மருந்தை விற்க அனுமதி கிடைத்திருக்காது.

இக்கோரிக்கை நமக்கு எப்படித் தெரிந்தது? அரசு சொல்லித் தெரியவில்லை. கசிந்த வரைவுகளின் மூலம் தெரிந்தது. அவற்றைப் படித்துவிட்டுத்தான் 2011 மார்ச்சில் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்பவர்கள் ஆயிரக்கணக்கில் தில்லி வீதியில் இறங்கினார்கள். சீட்டைச் சுரண்டிப் புட்டியை மறைத்த மக்கள், முகத்தை மறைக்காமல் ஊர்வலம் போனார்கள் என்றால் அவர்களது அச்சம் எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள்.

சீட்டாட்டத்தைப் போல, பேரம் பேசும்போது கையிலுள்ள சீட்டுகளை விரித்துக் காட்ட முடியுமா என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். எந்த எல்லைவரை இறங்கி வருவோம் என்பதை வெளியிட வேண்டாம், அது நியாயமே. ஆனால் எதிர்த்தரப்பு நம்மிடம் வைத்த கோரிக்கை எதிர்த்தரப்புக்குத் தெரியும், நம் அதிகாரிகளுக்கும் தெரியும். அப்படியானால் அது யாருக்கு இரகசியம்? மருந்து வாங்கும் மக்களுக்கு மட்டுந்தான். நிறுவனங்களுக்கு அது இரகசியமாக இருந்ததில்லை என்பதற்கும் சான்று உண்டு. இந்தியாவுடனான அதே பேச்சு குறித்த ஆவணங்களைத் தொழில் கூட்டமைப்புகளுக்கு முழுமையாகக் கொடுத்த ஐரோப்பிய ஆணையம், 'கார்ப்பரேட் யூரோப் அப்சர்வேட்டரி' என்ற மக்கள் அமைப்பு கேட்டபோது பகுதிகளை மறைத்துக் கொடுத்தது. அந்த அமைப்பு வழக்குத் தொடுத்தும் 2013இல் தோற்றது.

அப்பேச்சு 2013இல் நின்றுபோய், 2022இல் மீண்டும் தொடங்கியபோது, ஐரோப்பிய ஆணையம் தன் முன்மொழிவுகளைத் தன் இணையதளத்தில் வெளியிட்டது. அவற்றில் தரவுத் தனியுரிமை மறுபடியும் இருந்தது. நம் தரப்பில் அப்படி எதுவும் வெளியாகவில்லை. இந்தியக் குடிமகன் தன் மாத்திரையின் எதிர்காலத்தை பிரசெல்ஸ் இணையதளத்தில் போய்த் தேட வேண்டிய நிலை எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

சுவிட்சர்லாந்து, நார்வே உள்ளிட்ட நான்கு நாடுகளுடனான ஒப்பந்தம் 2024 மார்ச் 10ஆம் தேதி கையெழுத்தானது. ஐந்து நாள் கழித்து, 15ஆம் தேதி, திருத்தப்பட்ட காப்புரிமை விதிகள் அறிவிக்கப்பட்டன. முன்கூட்டி ஆட்சேபம் தெரிவிக்கக் கட்டணம் வந்தது. ஆட்சேபம் ஏற்கத்தக்கதா என்று அதிகாரி முதலில் பார்ப்பார் என்ற வடிகட்டலும் வந்தது. விதிகளின் வரைவு 2023இலேயே வெளியானதுதான். இரண்டுக்கும் தொடர்பு உண்டா, இல்லையா என்பதைப் பேச்சின் ஆவணங்கள் பூட்டிக் கிடக்கும்வரை எந்தக் குடிமகனாலும் சரிபார்க்க முடியாது. காசநோயிலிருந்து மீண்ட இரண்டு பெண்கள் தெரிவித்த ஆட்சேபத்தைத் தொடர்ந்து 2023 மார்ச்சில் பெடாகுவிலின் மருந்தின் காப்புரிமை நீட்டிப்பு மறுக்கப்பட்டது என்பதையும் இங்கே நினைக்க வேண்டும்.

2025 ஜூலை 24ஆம் தேதி கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தத்தின் முழு வாசகமும் கையெழுத்துக்குப் பிறகே நம் கைக்கு வந்தது. மருந்து கிடைக்கச் செய்வதற்கு நிறுவனங்கள் தாமாக முன்வந்து தரும் உரிமமே விரும்பத்தக்க, உகந்த வழி என்று அதன் 13ஆம் அத்தியாயம் கூறுகிறது. கட்டாய உரிமம் வழங்கும் அதிகாரம் பறிபோகவில்லை என்று அரசு விளக்கியது; சட்டப்படி அது சரியே. ஆயினும் அந்த வாக்கியத்தை நாளை ஒரு நிறுவனத்தின் வழக்கறிஞர் எடுத்துக் காட்டமாட்டார் என்று யார் உறுதி தருவது? கையெழுத்துக்கு முன்பு இவ்வரி வெளிவந்திருந்தால் மருத்துவர்களும் நோயாளி அமைப்புகளும் நீக்கச் சொல்லி வாதாடியிருப்பார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் வர்த்தக ஒப்பந்தங்களுக்கு ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். போலிப் பொருள் தடுப்பு என்ற பெயரில் இரகசியமாகப் பேசி முடித்த ஆக்டா ஒப்பந்தத்தை 2012 ஜூலையில் 39க்கு எதிராக 478 வாக்குகளால் அவர்கள் நிராகரித்தார்கள். நம் நாடாளுமன்றத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. மத்திய அமைச்சரவை முடிவெடுத்தால் போதும். பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருந்தும் மாநிலங்களின் ஒப்புதல் தேவையில்லை. உலக வர்த்தக அமைப்பு உருவாக அடிப்படையான டங்கல் திட்டத்தை எதிர்த்து 1990களில் நடந்த தெருமுனைக் கூட்டங்களுக்கு நான் போயிருக்கிறேன். வரைவின் பக்கங்களைக் கையில் வைத்துக்கொண்டு, பிரிவு பிரிவாகப் படித்துக்காட்டிப் பேசினார்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு பேசுவதற்குப் பக்கமே இல்லை.

எனவே, அறிவுசார் சொத்துரிமை குறித்து எதிர்த்தரப்பு முன்வைக்கும் வாசகங்களை வந்த உடனேயே வணிக அமைச்சகம் வெளியிட வேண்டும். கையெழுத்துக்கு முன்பு அவற்றை நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கும் மாநில அரசுகளுக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும். நம் மாநிலத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை அவையில் எழுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். தங்கள் இதழுக்கும் ஒரு வேண்டுகோள்: பிரிட்டன் ஒப்பந்தத்தின் 13ஆம் அத்தியாயத்தை நான் இதுவரை தமிழில் பார்க்கவில்லை. மருந்து தொடர்பான பிரிவுகளையாவது தமிழாக்கி வெளியிடுங்கள். மருந்தியல் சொற்களுக்கு என்னால் இயன்ற உதவியைச் செய்யக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருந்தாளுநர்,
செங்கல்பட்டு மாவட்டம்