புள்ள பெத்தவங்களுக்கு சுறா புட்டு வேணாமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

பால் ஊறும்னு சொல்லி புள்ள பெத்தவங்களுக்கு சுறா புட்டு செஞ்சு குடுக்கறது நம்ம ஊர்ல ரொம்ப காலமா இருக்கற பழக்கம், பாசத்துல தான் செய்றோம், ஆனா அதுல பாதரசம் இருக்குங்கறத யாரும் அவங்ககிட்ட சொல்றதில்ல. கடல் தண்ணில பாதரசம் மீத்தைல் மெர்குரிங்கற விஷமா மாறி சின்ன உயிரினத்துல ஏறுது, அத சின்ன மீன் திங்குது, அத பெரிய மீன் திங்குதுன்னு மேல போகப்போக சேந்துகிட்டே போகும், அதனால சுறா மாதிரி பல வருஷம் வாழ்ற வேட்டை மீன்ல தான் அதிகம். சதையிலயே கலந்திருக்கறதால கழுவினாலும் பொரிச்சாலும் போகாது. ஜப்பான் மினமாட்டால ஆலைக் கழிவுல வந்த பாதரசம் ஏறுன மீன சாப்பிட்டு ஜனங்க பாதிச்ச கொடுமை 1956ல வெளிய வந்துச்சு, அதுல தாய்க்கு பெருசா ஒண்ணும் தெரியாம இருந்தும் வயித்துல இருந்த குழந்தைக்கு மூளை பாதிச்சுது.

அமெரிக்கால உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, கர்ப்பிணிங்களும் பால் குடுக்கறவங்களும் சுறாவ தொடவே வேணாம்ங்குது. ஆனா மீனையே நிறுத்த சொல்லல, வாரம் ரெண்டு மூணு தடவ பாதரசம் கம்மியான மீன் சாப்பிட சொல்லுது. நமக்கு மத்தி, நெத்திலி, இறால்னு இருக்கே! விலையும் வஞ்சிரத்த விட எவ்ளோ கம்மி, ஒமேகா 3ங்கற நல்ல கொழுப்பும் மத்தில நல்லாவே இருக்கு. பெரிய வஞ்சிரம், பெரிய சூரை எப்பவாச்சும் போதும்.

காசிமேடு, சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்ல மீன்வளத்துறை இத தமிழ்ல போர்டு எழுதி வைக்கணும், ஆரம்ப சுகாதார நிலையத்துல நர்ஸுங்களும் சொல்லணும். உங்க சமையல் பக்கத்துலயும் சுறா புட்டு போட்டா கூடவே இதையும் ஒரு வரி போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சென்னை