கஃப் அழுத்தத்தை விரலால் அளக்க முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வென்டிலேட்டர் நோயாளியின் தொண்டை வழியே செருகும் டியூபின் நுனிக்குச் சற்று மேலே, காற்றடைத்த பலூன் ஒன்று இருக்கும். அதைக் கஃப் என்பார்கள். அதன் அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீரளவுக்குள் (அத்தனை செ.மீ. உயர நீர் தரும் அழுத்தம்) நிற்க வேண்டும். 30-ஐத் தாண்டினால் மூச்சுக்குழாயின் உட்சவ்வுக்கு ரத்த ஓட்டம் குறையும்; நீடித்தால் புண்ணாகி, ஆறும்போது தழும்பு இறுகி, மூச்சுக்குழாயே சுருங்கிவிடலாம். 20-க்குக் கீழே போனால் எச்சில் நுரையீரலுக்குள் கசியும். நிமோனியா அப்படித்தான் தொடங்குகிறது.

கஃப்போடு மெல்லிய குழாயால் இணைந்து வெளியே தொங்கும் சிறு பலூனை விரலால் அமுக்கிப் பார்த்து 'சரியாக இருக்கிறது' என்று சொல்லும் வழக்கம் இன்னும் போகவில்லை. விரலுக்கு 30-உம் 60-உம் ஒன்றுதான். அழுத்தத்தை அளக்கும் கையடக்க மானோமீட்டர் அவசியம். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்த பிறகும் அளக்க வேண்டும். மீட்டரை மாட்டும்போதே சிறிது காற்று அதன் குழாய்க்குள் போய்விடுவதால், அழுத்தத்தைச் சரிசெய்த பிறகே கழற்ற வேண்டும். நைட்ரஸ் ஆக்சைடு என்னும் மயக்க வாயு கொடுக்கும் அறுவை சிகிச்சைகளில் அந்த வாயு கஃப்புக்குள் ஊடுருவி அழுத்தத்தை ஏற்றும் என்பதையும் மறக்கக் கூடாது.

அழுத்தம் சரியாக இருந்தாலும் கசிவு முழுதாக நிற்காது. பிவிசி பிளாஸ்டிக்கால் ஆன வழக்கமான கஃப் மூச்சுக்குழாயைவிட அகலமானது. விரியும்போது மடிப்பு விழும், அதன் வழியே எச்சில் இறங்கும். பாலியூரித்தேன் என்னும் வேறொரு பிளாஸ்டிக்கால் ஆன மெல்லிய கஃப்பில் இந்த மடிப்புகள் சிறியவை. பல நாள் வென்டிலேட்டர் தேவைப்படுவோருக்கு, கஃப்புக்கு மேல் தேங்குவதை உறிஞ்சும் தனித்துளை கொண்ட டியூபையே மருத்துவமனைகள் வாங்க வேண்டும்.

– மயக்கவியல் மருத்துவர், மதுரை