ஆர்.வி.யை வெளியே எடுக்கும் முன் கேஸ் டிடெக்டரைப் பாருங்கள்

எல்லோருக்கும் வணக்கம். குளிர்காலம் முழுக்க மூடி வைத்திருந்த ஆர்.வி.யை (படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள பயண வண்டி) எடுக்கும் நேரம் வந்துவிட்டது, அதனால் கேஸ் கசிந்தால் கத்தும் புரொபேன் டிடெக்டரைக் கழற்றிப் பின்பக்கம் உள்ள தேதியைப் பாருங்கள். பல மாடல்களுக்கு ஆயுள் 5 வருடம்தான், சிலவற்றுக்குக் கொஞ்சம் கூடுதல். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் கத்துகிறதே என்று காலாவதியானதை விட்டுவைக்காதீர்கள். சத்தமும் சர்க்யூட்டும் வேலை செய்வதைத்தான் அது காட்டும், சென்சார் தேய்ந்திருப்பதைக் காட்டாது.

மாற்றுவது சுலபம், இரண்டு ஸ்க்ரூ, இரண்டு வயர். ஆனால் அமெரிக்க ஆர்.வி.க்களின் 12 வோல்ட் லைனில் பெரும்பாலும் கறுப்பு வயர்தான் பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ். புது டிடெக்டரிலோ வழக்கமாகச் சிவப்பு பாசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ். கறுப்போடு கறுப்பைச் சேர்த்துவிடாமல் மல்டிமீட்டரில் பார்த்து உறுதி செய்துகொண்டு, அப்புறம் சோலார், ஷோர் பவர் (வெளியிலிருந்து பிளக் போட்டு எடுக்கும் கரண்ட்), பேட்டரி எல்லாவற்றையும் துண்டித்துவிட்டுக் கை வையுங்கள். புரொபேன் காற்றைவிடக் கனம் என்பதால் டிடெக்டர் தரையை ஒட்டியே இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் படுக்கைப் பக்கம்.

ஹேர் ஸ்ப்ரே, கிளீனிங் திரவம், சார்ஜ் இறங்கிய பேட்டரி எல்லாமே கேஸ் டிடெக்டரைக் கத்த வைக்கும், உண்மைதான். அதற்காக ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுத் தூங்குவது பைத்தியக்காரத்தனம் (யாரைச் சொல்கிறேன் என்று அவருக்கே தெரியும்). கத்தினால் சுவிட்ச் எதையும் தொடாமல் எல்லோரும் வெளியே வாருங்கள், வெளியிலிருந்தே சிலிண்டர் வால்வை மூடுங்கள்.

பார்த்த தேதியை ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே போடுங்கள், மாற்ற வேண்டியவர்கள் சேர்ந்தே வாங்கிக்கொள்ளலாம்.