மேட்பிளாட்லிப்பில் புதியவர்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

பைத்தான் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப்பின் பராமரிப்பாளர்களுக்கும், புதியவர்களின் புல் ரிக்வெஸ்ட்டுகளை (நிரல் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கைகளை) வரிவரியாகப் படித்துத் திருத்தம் சொல்வோருக்கும், பங்களிப்பு வழிகாட்டியை எழுதியவர்களுக்கும் வணக்கம்.

ஜான் ஹன்டர் 2003இல் வெளியிட்ட இந்த வரைபட நூலகம், 2012இல் அவர் மறைந்த பிறகும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு நீங்கள் நேரம் ஒதுக்குவது அதற்கு ஒரு பெரிய காரணம். அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, நிறுவும் படிகளைக் காரணத்தோடு எழுதி வைத்தவர்களுக்கு. பைத்தான் மட்டும் தெரிந்து வருகிறவர், உள்ளே சி பிளஸ் பிளஸ் நிரலும் இருப்பதை கம்பைலர் (நிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றும் கருவி) இல்லாமல் பில்ட், அதாவது மூல நிரலிலிருந்து நூலகத்தைக் கட்டும் வேலை, நிற்கும்போதுதான் அறிகிறார். 3.9 பதிப்பிலிருந்து பில்ட் வேலையை மீசான் என்ற கருவி பார்க்கிறது. எடிட்டபிள் முறையில் (நிரலைத் திருத்தினால் உடனே செயல்படும்படி) நிறுவினால், ஒவ்வொரு இம்போர்ட்டின்போதும், அதாவது நூலகத்தை நிரலுக்குள் அழைக்கும்போதும், மாறிய பகுதி மீண்டும் கட்டப்படும். பில்ட் கருவிகளைத் தற்காலிகச் சூழலில் போட்டிருந்தால், நிறுவி முடித்ததும் அவை போய்விடும். அடுத்த இம்போர்ட் உடையும். எனவே அந்தத் தற்காலிகச் சூழலை உருவாக்கும் பில்ட் தனிமைப்படுத்தலை அணைத்து, கருவிகளை முன்கூட்டியே தன் சூழலிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். ஃபோர்க் (திட்டத்தின் சொந்த நகல்) எடுக்கும்போது மெயின் கிளையை மட்டும் நகலெடுத்தால் டேக்குகள் (பதிப்புகளைக் குறிக்கும் பெயர்கள்) வராது. பதிப்பு எண் தாறுமாறாகக் காட்டும். அப்ஸ்ட்ரீமிலிருந்து (மூலத் திட்டத்திலிருந்து) டேக்குகளையும் இழுத்தால் சரியாகிவிடும்.

படங்களை ஒப்பிடும் டெஸ்டுகளை விளக்குவோருக்குத் தனி நன்றி. திணறல் அதிகம் அங்கேதான். டெஸ்ட் தோற்றால், எதிர்பார்த்த படம், வரைந்த படம், இரண்டின் வேறுபாடு என மூன்றும் ரிசல்ட் இமேஜஸ் கோப்புறையில் கிடைக்கும். பிழைச் செய்தியை விட அந்த மூன்றாம் படத்தை முதலில் பார்க்கச் சொல்வது நல்ல பழக்கம். கணினியில் ஏற்கனவே உள்ள ஃப்ரீடைப் (எழுத்துருக்களை வரையும் நூலகம்) பதிப்பு வேறாக இருந்தால் எழுத்து விளிம்புகள் பிக்சல் கணக்கில் நகரும், தொடாத டெஸ்டுகளும் தோற்கும். மேட்பிளாட்லிப் தன் சொந்த ஃப்ரீடைப்பைக் கட்டிக்கொள்வது இதற்காகத்தான். எழுத்து முக்கியமில்லாத டெஸ்டில் அதை நீக்கிவிடும் வசதியும் உண்டு.

புதியவர், ஒப்பிடுவதற்காகச் சேமிக்கும் புது அடிப்படைப் படத்தோடு வந்தால், "இது தேவைதானா" என்று கேட்கிறீர்கள். கறாராகத் தோன்றினாலும் நியாயமான கேள்வி. ஒரு பிஎன்ஜி கோப்பைப் பிறகு அழித்தாலும் கிட் (மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) வரலாற்றில் தங்கிவிடும். முழு வரலாற்றோடு குளோன் செய்கிற (நகலெடுக்கிற) ஒவ்வொருவரும் அதைச் சுமப்பார். ஒரே வரைபடத்தை இரண்டு வழிகளில் வரைந்து சமமா என்று பார்க்கும் டெஸ்டுக்குச் சேமித்த படமே வேண்டாம்.

இஷ்யூவை (பதிவான பிழையை அல்லது வேலையை) தன் பெயரில் ஒதுக்கித் தரும்படி கேட்பவர்களுக்கு, இங்கே அப்படி ஒதுக்குவதில்லை, இணைந்த புல் ரிக்வெஸ்ட் ஏதும் இல்லையென்றால் தொடங்கலாம் என்று சலிக்காமல் பதில் எழுதுகிறவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். ஒரு ஃபங்ஷனின் அளவுருவை மாற்றினால் பக்கத்திலுள்ள டைப் ஸ்டப் கோப்பையும் (அளவுருக்களின் வகைகளைக் குறிக்கும் கோப்பை) மாற்ற வேண்டும். பயனர்கள் நேரடியாக அழைக்கும் பகுதியான பைபிளாட்டின் பெரும்பகுதி தானாக உருவாக்கப்படுவதால், அங்கே கையால் திருத்தினால் அடுத்த முறை அது அழிந்துபோகும். இந்த இரண்டையும் முதல் ரிவ்யூவிலேயே சொல்லிவிடுகிறீர்கள். பல சுற்றுகள் மிச்சமாகின்றன.

தமிழ் எழுத்துக்காக உழைத்தவர்களுக்கு எங்கள் நன்றி ஆழமானது. இயல்பு எழுத்துருவான டெஜாவூ சான்ஸில் தமிழ் கிடையாது. அச்சுத் தலைப்பில் "க" எழுதினால் 2965 என்ற குறியீட்டு எண்ணுக்கு உருவம் இல்லை என்ற எச்சரிக்கையும் கட்டமும் வரும். 2022இல் வந்த 3.6 பதிப்பு, முதல் எழுத்துருவில் இல்லாததை அடுத்ததில் தேட வழிசெய்தது. ஆனால் தமிழ் எழுத்துரு இருந்தால் மட்டும் போதாது. எழுத்துகளைச் சேமித்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக வைத்தால், "கெ"யின் கொம்பு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். அதைச் சரியாக அமைக்க ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்தமைப்பு நிரல் வேண்டும். லிப்ராக்ம் என்ற நூலகம் வழியாக அதை மேட்பிளாட்லிப்புக்குள் கொண்டுவர உழைத்தவர்களுக்கும், இந்திய எழுத்துகளில் பிழை காட்டும் சிறு உதாரணங்களை இஷ்யூக்களில் பதிந்தவர்களுக்கும் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தமிழில் பைத்தான் கற்பிப்போர் சிலர்