புங்கம்பூ குப்பையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாசலில் நிற்கும் புங்க மரம் சித்திரை முழுக்கப் பூவைக் கொட்டிக் காரைக் குப்பையாக்குகிறது, போதாததற்குப் பூச்சி பிடித்த மரம், வெட்டிவிட வேண்டும் என்று கடலூர் வாசகர் ஒருவர் இந்தப் பகுதியில் எழுதியிருந்தார். நான் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு புங்க மரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவன். காலையிலிருந்து பொழுது சாயும்வரை அந்தப் பூ என் தலையில்தான் விழுகிறது. அதனால் பதில் சொல்ல எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

முதலில் பூச்சி. இலைமேல் முளை முளையாகப் புடைத்திருக்கிறதே, அது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேன் செய்கிற வேலை. மனுஷன்மேல் ஏறாது, துணியில் ஒட்டாது. அதனால் ஒரு மரம் பட்டுப்போய் நான் பார்த்ததில்லை. மாசி, பங்குனியில் பழைய இலையை உதிர்த்துவிட்டுப் புதுத்தளிர் விட்டுவிடும்.

பூவை ஒருநாள் கையில் எடுத்துப் பாருங்கள். வெள்ளையும் இளஞ்சிவப்புமாக, அவரைப் பூ ஜாடையில் இருக்கும். கருவண்டு வந்து உட்கார்ந்து கீழிதழை அழுத்தினால் உள்ளே மறைந்திருக்கும் மகரந்தம் எட்டிப் பார்க்கும். அந்த வண்டு குடியிருப்பதே என் வண்டிப் பந்தல் மூங்கிலில்தான். சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு வட்டமாக ஒரு துளை. பங்குனி பிறந்தால் அதிலிருந்து தூள் கொட்ட ஆரம்பிக்கும், அதுவும் வெள்ளை வேட்டியை விரிக்கிற நேரமாகப் பார்த்து. உள்ளே மகரந்தத்தை உருட்டி வைத்து, அதன்மேல் முட்டையிட்டு, அந்தத் தூளாலேயே தடுப்பு வைத்து அறை அறையாகப் பிரிக்கும். மூங்கிலை மாற்றச் சொல்லி வீட்டில் சத்தம். பந்தல் நிற்கிறவரை இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

காக்கையின் தொல்லை வேறு மாதிரி. கூடு கட்டும் சமயத்தில் என் கம்பி ஹேங்கர்கள் காணாமல் போகும். அண்ணாந்து பார்த்தால் கூட்டுக்கு வெளியே கொக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அப்புறம் குயில் வரும். கறுப்பாக இருக்கிற ஆண் குயில் கத்திக் கத்திக் காக்கைகளை வம்புக்கு இழுக்க, அவை துரத்திக்கொண்டு போன நேரத்தில் புள்ளி போட்ட பழுப்புப் பெட்டை கூட்டுக்குள் போய் முட்டையிட்டுவிட்டு வந்துவிடும். அந்த முட்டை காக்கை முட்டைக்கு முந்திப் பொரியும். வைகாசியில் குயில் குஞ்சு சிவந்த வாயைப் பிளந்து நிற்க, காக்கை ஊட்டிக்கொண்டிருக்கும். துணி கொடுக்க வருகிறவர்கள் அவசரத்தை மறந்து நின்றுவிடுவார்கள். லீவு விட்டால் பறவை பார்க்கப் பிச்சாவரம் போகிறோம். போகட்டும், நல்லதுதான். வாசலில் நடப்பதையும் ஒரு கண் பார்க்கலாம்.

இதே இடத்தில் முன்பு ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ என்ற புயல் அதைச் சாய்த்துவிட்டது. அடுத்த கோடை முழுக்கத் தார்ப்பாய்க்குக் கீழே கரிப்பெட்டியோடு வெந்தேன். அதன்பிறகு வைத்த கன்றுதான் இந்தப் புங்கம்.

கிளை மின்கம்பியில் உரசினால் கழிக்க வேண்டியதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. சித்திரை, வைகாசியில் மட்டும் கை வைக்காதீர்கள். கூடெல்லாம் காலியான பிறகு, ஆவணி புரட்டாசியில், ஐப்பசி மழைக்கு முன்னால் கழித்தால் புயல் காற்றுக்கும் நல்லது. உதிர்ந்த பூவைக் கூட்டி மரத்தடியிலேயே போடலாம். நெல் வயலுக்கு உரமாகப் புங்கந்தழையை மிதித்த ஊர்தானே இது. கார்மேல் விழுகிற பூவுக்கு ஒரு பழைய படுக்கை விரிப்பைப் போர்த்தினால் போதும். அதற்கு இஸ்திரிகூடத் தேவையில்லை.

இப்படிக்கு,
ஓர் இஸ்திரித் தொழிலாளி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.